கம்பிவலை அலுமாரி

பத்திரிகை மேசையின் பக்கம் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. அந்த மஹய்யாவ வாசிகசாலையில் பழந்தாளின் புளிப்பும், மழைக்காலத்துப் பூஞ்சண வாடையும், நூலகர் சித்தி றலியா மடவளையிலிருந்து கட்டிவரும் சோற்றுப்பொதியின் மணமும்தான் எப்போதும் இருக்கும். றலியா குனிந்து பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

எண்பத்து மூன்று, ஜூலை. கொழும்பில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. கட்டுகஸ்தோட்டை பஸ்களின் இரைச்சல் எப்போது நின்றதென்று அவள் கவனிக்கவில்லை. அது நின்ற இடத்தில், தூரத்தில், தகரக் கூரைகள்மேல் கல் விழும் சத்தம் கேட்டது. பிறகு நாய்கள் குரைத்தன. பிறகு நாய்களும் அடங்கிவிட்டன.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு காளிமுத்து வந்தார். தெருக்கூட்டும் தொழிலாளி. தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் எழுத்துத் தெரியாத சனங்களைச் சுற்றி உட்காரவைத்து, பின்னேரங்களில் இங்கேதான் உரத்துப் பத்திரிகை வாசிப்பார். அந்தக் குரல் இப்போது வெறும் மூச்சாக வந்தது.

"மிஸ், லயத்துக்கு நெருப்பு வச்சிட்டானுங்க. என் பின்னாலயே வர்றானுங்க."

"பிள்ளைகள் எங்க அண்ணே?"

"பள்ளிவாசலுக்கு அனுப்பிட்டேன். நான்தான் மாட்டிக்கிட்டேன்."

மூலையில் ஆளுயரத் தேக்கு அலுமாரி நின்றது. அதன் கதவுகளில் கம்பிவலை. தூசு புகாமலிருக்க உட்பக்கம் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருந்தாள். புத்தகங்களை அள்ளிக் கொட்டி, தட்டுகளை உருவினாள். காளிமுத்து முழங்காலை நெஞ்சோடு மடக்கி உள்ளே ஒடுங்கினார். பூட்டாவிட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

"பூட்டுங்க மிஸ். நீங்க வெளிய இருக்கீங்கதானே."

பூட்டினாள். சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

முன்கதவு பிளந்து விழுந்தது. உள்ளே வந்தவர்களிடம் சாராய நெடியும் வியர்வையும். ஒருவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை. பெயர் கேட்டார்கள். சொன்னாள். முஸ்லிமா என்று சிங்களத்தில் கேட்டு, கிட்டத்தட்ட மரியாதையாகவே கையைப் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

உள்ளே வேறு யாரும்?

இல்லை என்றாள். அவர்கள் போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

அவர்கள் மண்ணெண்ணெய்ப் பீப்பாயை உருட்டிவந்தார்கள்.

புத்தகத் தட்டுகளில் ஊற்றினார்கள். மேசைகளில். கதிரைகளில். சொன்னால் அவரை வெட்டுவார்கள். சொல்லாவிட்டால்.

தீக்குச்சி உரசும் சத்தம். மேசைகள் பற்றிக்கொண்டன.

"உள்ளுக்கு மனிசன் ஒருத்தர் இரிக்கிறார்," என்றாள். முதலில் தமிழில். பிறகு சிங்களத்தில். சாவியை நீட்டினாள். "நான் தொறக்கிறேன். என்ன விடுங்க."

சாரத்தில் ரத்தமுள்ளவன் கிட்ட வந்தான்.

தமிழனா?

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சாவியை எடுத்தான். புரட்டிப் பார்த்தான். ஜன்னல் வழியாக நெருப்புக்குள் எறிந்தான்.

இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். முகத்தை ஜன்னல் பக்கமாகவே பிடித்துவைத்திருந்தார்கள்.

உள்ளிருந்து தட்டும் சத்தம். நின்றது. மீண்டும் தட்டும் சத்தம். பிறகு உதைக்கும் சத்தம். தேக்கு அசையவில்லை.

நெருப்பு அலுமாரியைத் தொட்டது. ஒட்டியிருந்த தாள்கள் பழுத்தன. கறுத்தன. சுருண்டு விழுந்தன. வலை மட்டும் மிஞ்சியது.

வலைக்குப் பின்னால் முகம். வாய் திறந்திருந்தது. வலையின் கண்களுக்குள்ளால் விரல்கள் வெளியே வந்தன, பத்தும், எரிந்தபடி.