ஏழு கட்டங்கள்

காக்ஸ் டவுனில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை... பல் மருத்துவமனையின் கம்ப்ரஸரைச் சரிசெய்ய அடுகோடிப் பட்டறையிலிருந்து வந்திருந்தான் பிரகாஷ். வேலை முடிந்து எழுந்தவனின் வீங்கிய கன்னத்தை இரண்டு கண்கள் கண்டுபிடித்துவிட்டன.

"மெஷின் சரியாயிடுச்சு. இது?" என்றாள் டாக்டர் லீனா.

"ஒண்ணுமில்ல மேடம்... கிராம்பு வெச்சிருக்கேன்."

"கிராம்பு பிரியாணிக்கு. உக்காருங்க!"

உட்கார்ந்தான். அந்தக் கண்களுக்கு மறுப்புச் சொல்ல யாரால் முடியும்?

ரூட் கெனால் முடிந்த அன்று, லேசர் ஒளி பட்டால் புண் விரைந்து ஆறுமா என்று தான் ஆராய்வதை அவள் சொன்னாள். அதில் சேர அவனும் சம்மதித்தான். ஈறின்மேல் சின்னதாய் ஒரு சிவப்பு ஒளி... சூடுகூட இல்லை.

"தினமும் ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன். வலி பத்துக்கு எவ்வளவுன்னு மறைக்காம சொல்லணும்."

முதல் நாள் ஆறு. பிறகு நான்கு, மூன்று, இரண்டு. ஐந்தாம் நாள் காலை, வலி சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. வலி போனால் அந்தக் குரலும் போய்விடுமே! மான் நாள்தோறும் நலம் விசாரிக்க வருகிறதென்று, கால் ஆறிய பின்னும் நொண்டிக்கொண்டே இருந்த நரியாகிப்போனான்.

"இன்னிக்கு?"

"ரெண்டு மேடம்..."

"இன்னுமா? சூடா சாப்பிட்டீங்களா?"

"பிரியாணிதான். கிராம்பை எடுத்து வெச்சுட்டேன்."

அவள் சிரித்தாள். அச்சிரிப்புக்காக, லேத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மாலையும் பட்டறை வாசலில் காத்து நின்றான். ஓசூர் ரோட்டின் இரைச்சலெல்லாம் அந்த இரண்டு நிமிடம் எங்கோ விலகிப்போகும்...

பதினைந்தாம் நாள் எக்ஸ்ரே. பல்லைக் கருவியால் மெல்லத் தட்டினாள். அவன் அசையவில்லை, அவள் விழிகளையே பார்த்திருந்தான். தட்டிய கை நின்றது.

"வலி எப்ப போச்சு?"

"அஞ்சாம் நாளே..."

"லேசர் உங்களுக்கு மட்டும் பலிக்கலன்னு எவ்வளவு தவிச்சேன்! நீங்க சொன்ன நம்பரை நம்பி நாளைக்கு இன்னொருத்தருக்கு வைத்தியம் பண்ணுவாங்க, பிரகாஷ். ஏன் இப்படி?"

"வலி நின்னா உங்க போனும் நின்னுடும்... பட்டறைக்காரன் வேற என்ன சொல்லி உங்க குரலைக் கேக்கறது? தப்புதான். இனிமே கம்ப்ரஸருக்கு வேற ஆளை அனுப்பறேன்."

அவள், நாளுக்கொரு கட்டமாக அவன் சொன்ன எண்களைக் குறித்திருந்த ஆய்வுப் படிவத்தை நீட்டினாள்.

"உண்மையை நீங்களே எழுதுங்க. திருத்தினதுன்னு கையெழுத்தும் போடுங்க."

ஐந்தாம் கட்டத்தில் பூஜ்யம் எழுதினான். ஆறில், ஏழில்... அடுத்த கட்டத்தைத் தேடினான். இல்லை. தாளைத் திருப்பினான். பின்பக்கம் வெறுமை.

"மேடம்... ஏழு கட்டம்தானே இருக்கு?"

"ம்."

"நீங்க பதினாலு நாள் போன் பண்ணீங்களே?"

ஜன்னலில் மழை வலுத்தது. முகக்கவசத்தை அவசரமாக மேலே இழுத்தாள் அவள். கண்களை மறைக்க அதற்குத் தெரியவில்லை.

"மீதி ஏழு நாள்..." குரல் தாழ்ந்தது. "ஆய்வுக்கு இல்ல. எனக்காக."

அவன் பேனாவை மூடி வைத்தான்.

"அப்ப... நாளைக்கு ஆறு மணிக்கு நான் பண்ணட்டுமா, மேடம்?"

"பண்ணுங்க. அந்த மேடத்தை மட்டும் பட்டறையிலேயே விட்டுட்டு..."