பட்டன் டப்பாவில் ஒரு செம்பு வளையம்

எங்கள் அப்பாவுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. அவர் தையல்காரர். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார். ஒற்றைப் பட்டன், உடைந்த ஜிப், துருப்பிடித்த கொக்கி எல்லாம் அதற்குள்தான் குடித்தனம் நடத்துகின்றன. கேட்டால், என்றைக்காவது உதவும் என்பார். அந்த என்றைக்காவது இதுவரை வந்ததில்லை. ஆனால் அந்த டப்பாவால் அம்மாவுக்குக் கிடைக்கவிருந்த புது வேலையே போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அம்மா இரண்டு வருடமாக ஒரு கிடங்கில் நின்றுகொண்டே பெட்டி கட்டும் வேலை பார்த்தாள். மாலையில் வீடு திரும்பும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். இப்போது ஒரு மருந்துக் கடையில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஒரே ஒரு நிபந்தனை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். நோயாளிகள் வீட்டு வாசலுக்குச் சத்தம் போடும் வண்டி ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவின் வண்டியில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அப்பா அதைக் கழற்றி வெல்டரிடம் கொண்டுபோனார். வெல்டர் ஓட்டையை அடைத்துக் கொடுத்ததோடு, ஒரு புது வளையமும் கொடுத்தனுப்பினார். என்ஜினும் குழாயும் சேரும் இடத்தில் புகை கசியாமல் இருக்க, நடுவில் வைக்கும் செம்பு வளையம் அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அப்பா தானே சைலன்சரை மாட்டினார். அவள் எழுந்து வந்து அசந்துபோக வேண்டும் என்று அவருக்கு ஆசை. துணியில் கறை ஒட்டிவிடும் என்று சைக்கிள் செயினைக்கூடத் தொடாத மனுஷர், முழங்கை வரை கறுப்பாக நின்றார்.

அம்மா வந்து வண்டியைக் கிளப்பினாள். படபடவென்று வெடித்தது பாருங்கள், ஓட்டை இருந்தபோதுகூட இவ்வளவு சத்தம் இல்லை. மாடி வீட்டுக் கைக்குழந்தை தூக்கம் கலைந்து வீறிட்டு அழுதது.

அம்மா வண்டியை அணைத்தாள். "பரவாயில்லீங்க. ஓட ஓடச் சரியாயிடும்," என்றாள்.

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். சிவந்த காதோடு உள்ளே போய்விட்டாள். அப்பா மனசு நோகக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னாள். அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

தெருமுனை மெக்கானிக் ஞாயிறன்று கடை திறப்பதில்லை. அப்பா வாசல்படியில் உட்கார்ந்து, ஓட்டையைச் சரியாக அடைக்கவில்லை என்று வெல்டரைத் திட்ட ஆரம்பித்தார். அந்த மனுஷருக்கு இந்நேரம் புரையேறியிருக்கும்.

எனக்குப் பதினோரு வயது. அப்பா என்னை நூல்கண்டு என்று கூப்பிடுவார். ஒரு கேள்வியை இழுத்தால் பின்னாலேயே பத்து வருமாம். அன்றும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. புகை உண்மையிலேயே எங்கே கசிகிறது?

அப்பாவின் மர ஸ்கேலின் நுனியில் ஒரு சாண் வெள்ளை நூலைக் கட்டினேன். அப்பாவிடம் ஒரே நிமிடம் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, தள்ளி நின்று ஸ்கேலை நீட்டினேன். வெல்டர் ஒட்டிய இடத்தில் நூல் சும்மா தொங்கியது. என்ஜினை ஒட்டிய இடத்துக்குக் கொண்டுபோனதும் தையதக்கா என்று ஆடியது. மாடியில் குழந்தை மறுபடி அழுதது. வெல்டர் மேல் தப்பில்லை.

அந்தப் புது வளையத்தைப் போட்டீர்களா என்று கேட்டேன். அப்பா தலையைச் சொறிந்தார்.

"பழசே நல்லாத்தானே இருந்துச்சு. புதுசைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்."

எங்கே என்று நான் கேட்கவே இல்லை. நேராகப் போய்ப் பட்டன் டப்பாவைத் திறந்தேன். இரண்டு கோட்டுப் பட்டன்களுக்கு நடுவே பளபளவென்று உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் தனியாக உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"ஒரு தடவை இதைப் போட்டுப் பார்ப்போம்பா. சரியா வரலைன்னா திரும்ப டப்பாவுக்கே குடுத்துடலாம்," என்றேன். அதற்கு அவர் சம்மதித்தார்.

சூடு ஆறும் வரை அரை மணி நேரம் காத்திருந்தோம். கழற்றியதும் பழைய வளையத்தைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட காலர் மாதிரி சப்பையாக நசுங்கியிருந்தது. புதுசு தடியாக, மெத்தென்று இருந்தது. இறுக்கும்போது அதுதான் நசுங்கி இடைவெளியை அடைக்கும் என்று பார்த்தாலே புரிந்தது.

புது வளையத்தை வைத்து, குழாயை நிறுத்தி, அப்பா பின்பக்கத்துப் பெரிய போல்ட்டை முதலில் முழுப் பலத்தோடு முறுக்கினார். பிறகு முன்பக்கம் வந்தார். அங்கே குழாய் கோணலாக நின்றது. ஒரு பக்கம் ஒட்டியும், மறுபக்கம் விரல்நகம் நுழையும் அளவு விலகியும் இருந்தது. முதல் தடவை மாட்டியபோதும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, நட்டை இறுக்கியே அதை இழுத்துவிடப் பார்த்தார். போல்ட் உடைந்தால் தொலைந்தோம்.

"அப்பா, நில்லுங்க. சட்டைக்குக் கை வைக்கும்போது ஒரு பக்கத்தை முதல்லயே இறுக்கித் தைச்சிடுவீங்களா?"

அப்பாவின் கை அப்படியே நின்றது. சட்டைக்குக் கை வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதலில் சுற்றிலும் நூலைத் தளர்வாக ஓட்டுவார். உதறிப் பார்ப்பார். சுருக்கம் இல்லாமல் படிந்த பிறகுதான் மெஷினில் தைப்பார்.

"முதல்ல தளர்வா ஓட்டிக்கணும்," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இருபது வருஷமா இதைத்தானே செய்யறேன். இரும்பைக் கண்டதும் மறந்துட்டேன் பாரு, நூல்கண்டு."

அதற்குப் பிறகு அவர் எங்கள் பழைய அப்பாவாகிவிட்டார். எல்லாவற்றையும் தளர்த்தினார். எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் திருகி வைத்தார். சைலன்சரை லேசாக ஆட்டி, தானாகப் படியவிட்டார். முன்பக்கத்து இரண்டு நட்டுகளையும் இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினார். இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று நான் குனிந்து பார்த்துச் சொன்னேன். கடைசியாகத்தான் பின்பக்கத்து போல்ட்டைத் தொட்டார். குழாயில் ஒட்டிய எண்ணெய் விரல்தடங்களை ஒரு வெட்டுத்துணியால் துடைத்தோம். இல்லாவிட்டால் சூடானதும் புகையும்.

அம்மாவைக் கூப்பிட்டோம். அவள் கிளப்பினாள். டுப், டுப், டுப் என்று வண்டி அடக்கமாக ஓடியது. நான் ஸ்கேலை நீட்டினேன். நூல் அசையவில்லை. மூன்று பேரும் மாடியை அண்ணாந்து பார்த்தோம். குழந்தையின் சத்தமே இல்லை.

மறுநாள் நான் பள்ளி விட்டு வந்தபோது அம்மா மருந்துப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வேலை கிடைத்துவிட்டது. அன்றைக்கே ஏழு வீடுகளுக்குப் போய்வந்தாளாம். கால் வீங்கவில்லை என்று செருப்பைக் கழற்றி எனக்குக் காட்டினாள்.

உள்ளே அப்பா வெள்ளைத் துணியை எடுக்கும்முன் ஆறாவது தடவையாகக் கை கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு போகவில்லை. நசுங்கிய பழைய வளையத்தை எடுத்து, குப்பைக்கூடைக்கு மேலே கையை நீட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைத் தூக்கிப் போடப் போனார்.

அம்மா ஓடிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டாள். வண்டிச் சாவியில் கோத்தாள். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் பழக்கமில்லை. அன்றைக்கு அம்மா சொன்னாள்.

"ரொம்ப நன்றிங்க. உனக்கும்தான்டி, நூல்கண்டு."

அவள் காது கொஞ்சம்கூடச் சிவக்கவில்லை.