கொளஞ்சி அணைத்த விளக்கு

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. சாரல் உள்ளே அடிக்கிறது, அந்தக் கதவை மட்டும் ஒருக்களித்துச் சாத்திவிடுங்கள். விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். ஏன் அணைக்கக் கூடாது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்த கை ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் போகிற ரோட்டில்தான் கொளஞ்சியின் கொட்டகை. கார்களுக்கு வயரிங் பார்க்கிறவன். அவன் பெண்டாட்டி விருத்தாம்பாள் பக்கத்துச் சூளையில் பொம்மை வார்த்துக்கொண்டிருந்தாள். சாயந்திரம் வரும்போது முழங்கை வரை வெள்ளைக் களிமண் காய்ந்திருக்கும். மூக்கு கோணிய கிளி, காது உடைந்த யானை என்று சூளையில் கழித்துப் போட்டதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்து கொட்டகை அலமாரியில் வரிசையாக வைப்பாள்.

"ஊனமா பொறந்ததுங்கள யாராச்சும் வச்சிக்கணுமில்ல?" என்பாள்.

போன வருஷம் ஐப்பசி மழையில், சூளை விட்டு வந்தவளை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்த வண்டி, யார் ஓட்டியது, ஒன்றும் தெரியவில்லை. ரோட்டில் நீளமாய் வழுக்கிய டயர் தடம் இருந்தது. அதையும் மழை கழுவிவிட்டது.

கொளஞ்சி மணவாளநல்லூருக்குப் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினான். உங்களுக்குத் தெரியாததா? நியாயம் கிடைக்காதவர்கள் மனு எழுதி முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். சாமி தீர்த்து வைத்ததும் போய் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். "யாரு மேல பிராது?" என்று எழுதுகிறவர் கேட்டார். "அவள சாவடிச்சது யாரோ, அவங்க மேல" என்றான். பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே கிடந்தது.

அதற்குப் பிறகு கொளஞ்சிக்கு எதுவும் உறைக்கவில்லை. பக்கத்து டீக்கடைப் பெரியம்மாள் தட்டை நீட்டினால் சாப்பிடுவான், நீட்டாவிட்டால் இல்லை. ஒருநாள் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் அவன் விரல்மேலேயே கிடந்தது. தோல் கருகுகிற வாடை வந்து பெரியம்மாள்தான் ஓடிவந்து தட்டிவிட்டாள். அவன் விரலை, அடுத்தவன் விரலைப் பார்ப்பது போல, பார்த்துக்கொண்டிருந்தான்.

வருஷம் திரும்பி மறுபடி ஐப்பசி. ஒரு மத்தியானம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், பழைய வெள்ளைக் கார் ஒன்று கொட்டகைக்குள் நுழைந்தது. கருவேப்பிலங்குறிச்சி நல்லமுத்து ஓட்டி வந்தார். பின் சீட்டில் அவர் மகள் மதிவதனி, கை நிறையக் கண்ணாடி வளையல், மடி நிறைய வயிறு.

"தம்பி, வேப்பூர்ல வளகாப்பு முடிச்சிப் பொண்ணக் கூட்டிட்டு வரேன். ஊரு நெருங்க நெருங்க இந்த மஞ்ச லைட்டு புடிச்சிக்கிச்சி. போன மாசந்தான் புரோக்கருகிட்ட வாங்குனது. அதுக்கு முன்னாடி எத்தினி கை மாறுச்சோ."

"எங்கப்பாவுக்கு வண்டி வாங்கத் தெரியும்ணே, பாத்து வாங்கத்தான் தெரியாது" என்றாள் மதிவதனி.

"ஒன் மாப்ளயக்கூட நான்தான் பாத்தேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் பெரியம்மாள் கடைக்குப் போனாள். வளையல் சத்தம் மழையில் தூரமாகப் போனது.

கொளஞ்சி எட்டிப் பார்த்தான். ஏபிஎஸ் விளக்கு. ஈர ரோட்டில் திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல், விட்டு விட்டுப் பிடிக்க வைக்கிற ஏற்பாடு அது. அதில் கோளாறு என்றால் அந்த விளக்கு சொல்லும். கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனரைச் செருகினான். முன்பக்க இடது சக்கரத்திலிருந்து தகவல் இல்லை என்று வந்தது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தான். திரையில் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பூஜ்யம். சக்கர வேகத்தை அளக்கிற சென்சாரிலிருந்து வருகிற வயர் நடுவில் அறுந்து தொங்கியது. முனையில் பச்சை பூத்திருந்தது. பழைய அறுப்பு.

"பார்ட்டு மெட்ராஸ்லேர்ந்து வரணும்" என்றான்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பிரேக்கு புடிக்கிதில்ல? லைட்ட மட்டும் அணைச்சி வுடு தம்பி, பொண்ணு பயப்படுது. பொழுது சாயறதுக்குள்ள வூடு போயிச் சேரணும்."

"சரி" என்றான் கொளஞ்சி.

அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நல்லமுத்து டீ குடிக்கப் போனார். கொளஞ்சி தகரக் கூரையில் விழுகிற மழையைக் கேட்டுக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான். அப்போது ஸ்கேனர் திரை அசைந்தது.

இடது சக்கரத்துக்கு நேரே எண் ஓடிக்கொண்டிருந்தது.

சக்கரம் அந்தரத்தில் நின்றிருந்தது. வயர் அறுந்திருந்தது. ஆனாலும் திரையில் அந்தச் சக்கரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சீராக ஓடிற்று. பிறகு, கத்தியால் வெட்டியது போல, பூஜ்யம்.

மறுபடி ஓடிற்று. மறுபடி பூஜ்யம்.

வயரிங் பார்க்கிறவனுக்கு அது புரியும், கண்ணுகளா. மெல்ல நிற்கிற சக்கரத்தின் எண் படிப்படியாக இறங்கும். பூட்டிக்கொண்டு வழுக்குகிற சக்கரம்தான் இப்படிச் சட்டென்று சாகும்.

ஈரக் களிமண் வாடை வந்தது. மழைக்காலம், சூளைப் பக்கம், வரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டான். ஸ்கேனரைப் பிடுங்கி வைத்துவிட்டு மீட்டர் போர்டைக் கழற்றினான். விளக்கு வயரை வெட்டி, சார்ஜிங் லைட்டு வயரோடு முறுக்கிவிட்டால் போதும். சாவி திருப்பும்போது எரியும், இஞ்சின் ஓடியதும் அணையும். யாருக்கும் சந்தேகம் வராது. எத்தனையோ வண்டிக்குச் செய்த வேலை.

வெட்ட வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே யாரோ வெட்டி முறுக்கியிருந்தார்கள்.

முறுக்கின்மேல் கறுப்பு டேப். டேப்பின்மேல், வெயிலில் பசை இளகிப் பிரியாமல் இருக்க, ஊதா நூலால் இறுக்கி ஒரு கட்டு.

அந்தக் கட்டை விருத்தாசலத்தில் ஒருவன்தான் போடுவான்.

ஊதாக்கரைப் புடவை. போன வருஷம் இந்தக் கட்டைப் போட்ட அன்றைக்குச் சோறு கொண்டு வந்த விருத்தாம்பாள், முந்தானையோரத்தைப் பல்லால் கடித்து நூல் பிரித்துக் கொடுத்தாள். "என் பொடவையப் பிச்சி ஊரு வண்டிக்கெல்லாம் கட்றியே, நாளைக்கி நான் எதக் கட்டிக்கிறது?" அவசரத்தில் நின்ற ஒரு ஆள், "லைட்ட மட்டும் அணைச்சி வுடுப்பா" என்றான். முகம் ஞாபகத்தில் இல்லை. அவள் கேட்டது மட்டும் இருந்தது. "நோவுல கத்துறவன் வாயப் பொத்திட்டா நோவு போயிடுமா?" கொளஞ்சி சிரித்தான். வண்டி போய்விட்டது. அது நடந்து இரண்டு மூன்று மாசத்தில் ஐப்பசி வந்தது.

கட்டு அவிழவில்லை. அந்த விளக்குக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் நடுவே தொடர்பே கிடையாது. பிறகு எது எரிகிறது?

சாவியை எடுத்தான். விளக்கு எரிந்தது.

பேட்டரியைக் கழற்றினான். விளக்கு எரிந்தது.

போர்டின் பின்னால் விரலை விட்டு அந்தச் சின்ன பல்பைத் திருகிக் கையில் எடுத்தான்.

உள்ளங்கையில் மஞ்சளாய் எரிந்தது.

சுடவில்லை. சில்லென்று இருந்தது, சூளைத் தொட்டியில் கரைத்து வைத்த களிமண்ணில் கை விட்டது போல. சூட்டுக்கோல் உறைக்காத கைக்கு அந்தக் குளிர் உறைத்தது.

காருக்கு அடியில் வளையல் சத்தம் கேட்டது.

மதிவதனி பக்கத்துக் கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருப்பது தெரிந்தது. கொளஞ்சி குனிந்தான். இடது சக்கரத்தின் மேல்வளைவில், பிளாஸ்டிக் மறைப்புக்கும் தகரத்துக்கும் இடையில், ஏதோ வெள்ளையாகச் செருகியிருந்தது. விரலால் நெம்பினான். கையில் விழுந்தது.

பீங்கான் கிளியின் தலை. மூக்கு கோணலாக இருந்தது.

அதைச் சுற்றியிருந்த களிமண் இன்னும் ஈரமாக இருந்தது.

பிராது கட்டினவன் வாசலுக்கே வண்டி வந்துவிட்டது. வெறுமையாகக் கிடந்த இடத்துக்குப் பெயரும் வந்துவிட்டது. அவனுக்கு அழுகை வரவில்லை. கிளித் தலையைச் சட்டைத் துணியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். பல்பை அலமாரியில் வைத்தான். அது மெல்ல அணைந்தது.

"இன்னா தம்பி, அணைச்சாச்சா? கெளம்பலாமா?" நல்லமுத்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"வண்டி போவாதுங்க."

"ஓட்டிட்டு வந்த வண்டி போவாதா?"

"போவும். நிக்காது. மழையில ஆளு குறுக்க வந்தா நிக்காது. பொண்ண ஆட்டோவுல கூட்டிட்டுப் போங்க. சாவியத் தர மாட்டேன்."

"என் வண்டிச் சாவியக் குடுக்க மாட்டேன்னு சொல்ல நீ யாரு? ஊர்ல எத்தினி வண்டி இப்பிடி ஓடுது!"

"ஓடுதுங்க. நான்தான் ஓட வுட்டேன்."

அந்தக் குரலில் கோபம் இல்லை, எதுவும் இல்லை. அதுதான் நல்லமுத்துவைத் திகைக்க வைத்தது. அவர் பின்னாலேயே வந்திருந்த மதிவதனி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"அப்பா, ஆட்டோவுலயே போலாம்" என்றாள். பிறகு தணிந்த குரலில், "அண்ணே, ஒங்க தோள்ல யாரோ மண்ணுக் கையி வச்ச மாதிரி இருக்குது, தொடைச்சிக்கோங்க" என்றாள்.

அவன் துடைக்கவில்லை.

பார்ட்டு பார்சலில் வந்தது. புது சென்சார் வைத்தான். புது வயர் இழுத்து, சக்கரம் திரும்பும்போது உரசாதபடி ஓரமாகக் கட்டினான். ஊதாக் கட்டை அவிழ்த்து விளக்கை அதன் சொந்த வயரோடு சேர்த்துப் புது பல்பு போட்டான். சாவி திருப்பியதும் எரிந்தது, சற்று நேரத்தில் தானாக அணைந்தது. சரியான விளக்கு அப்படித்தான் செய்யும்.

ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க முடியாது. மழை வலுத்திருந்த ஒரு பிற்பகலில், சூளை ரோட்டில் எடுத்தான். ஆள் நடமாட்டம் இல்லை. வைப்பர் ஒதுக்குகிற நீருக்கு அப்பால் ரோடு வெள்ளையாகக் கரைந்து கிடந்தது. அவள் விழுந்த இடம் வந்தது.

மடியில் மூட்டையோடு ஒரு பெண் குறுக்கே நடந்தாள்.

முழுப் பலத்தோடு மிதித்தான்.

பெடல் காலுக்கடியில் தடதடவென்று துடித்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. வண்டி கோடு கிழித்த மாதிரி நேராகப் போய் நின்றது.

எதிரில் யாருமில்லை.

பானெட்டின்மேல் இரண்டு வெள்ளை உள்ளங்கைகள் பதிந்திருந்தன. கொட்டுகிற மழையில் அவை கரையவில்லை.

"இப்ப நின்னுடுச்சி பாரு" என்று பக்கத்துச் சீட்டிலிருந்து ஒரு குரல், மூச்சு விடுகிற அளவுக்குத்தான் கேட்டது.

கொளஞ்சி திரும்பவில்லை.

"ம்" என்றான்.

மதிவதனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் அந்த வண்டியில்தான் கூட்டி வந்தார்கள், பத்திரமாக. கொளஞ்சி மணவாளநல்லூருக்குப் போனான். "காரியம் ஆச்சா, வாபஸ் வாங்கறியா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க. அப்ப பேரு தெரியாம கட்டிட்டேன். இப்ப தெரிஞ்சிடுச்சி, எழுதிக்கோங்க" என்று சொல்லி, தன் பெயரைச் சொன்னான்.

கொட்டகை இன்னும் இருக்கிறது. அலமாரியில் ஊனக் கிளிகளுக்கு நடுவில் அந்தப் பழைய பல்பு கிடக்கிறது. வயரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. யாராவது வண்டியைக் கொண்டு வந்து, "லைட்ட மட்டும் அணைச்சி வுடுப்பா" என்று கேட்டால், அது மஞ்சளாய் எரியும். அணைந்த பிறகு போய்ப் பார்த்தால் அலமாரிப் பலகையில் வெள்ளை விரல் தடம் இருக்கும். தொட்டுப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், எப்போதும் ஈரமாகத்தான் இருக்குமாம்.

சரி கண்ணுகளா, பிடித்த கையை இனி விடலாம். உங்கள் வூட்டிலிருந்து புறப்படுகிற வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும். போனவர்கள் எல்லாரும் பொழுதோடு வாசல் ஏறட்டும். உங்கள் வூட்டில் யாருக்கு நோவு வந்தாலும் அதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் எப்போதும் இருக்கட்டும்.