லைசென்ஸ் ஃபைலில் இரண்டு வரி

வருடம் தப்பாக இருந்தது. செத்து நான்கு வருடமானவனின் பெயருக்குப் பக்கத்தில், இந்த வருடம்.

சனிக்கிழமை மதியம். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஆபீஸில் அவள் ஒருத்திதான். யாருக்கும் அடங்காத அந்த ஏசி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்க, மகளைப் பெற்ற ஆபரேஷன் தழும்பு, குளிர் பட்டால் எப்போதும் இழுப்பதுபோல, அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று இழுத்தது. காலையில் அக்கா வீட்டில் விடும்போது மகள் அவள் முந்தானையை விடவே இல்லை. சாயங்காலம் சீக்கிரம் வருவதாகச் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

யார் யாரோ எழுதி வைத்த முந்நூற்றுச் சொச்சம் குட்டிப் புரோகிராம்களை, பேக்கேஜ்களைக் கோத்துத்தான் இங்கே ஒரு சாஃப்ட்வேர் உருவாகிறது. ஒவ்வொன்றோடும் ஒரு லைசென்ஸ் ஃபைல் ஒட்டிக்கொண்டு வரும்: யார் எழுதியது, என்ன நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று. மனிதப் பிறவி எதுவும் அதைப் படிப்பதில்லை. அவள் வரி விடாமல் படிப்பாள், அதற்குத்தான் சம்பளம்.

அதில் ஒன்று அவள் கணவன் எழுதியது. தேதிகளைச் சரிபார்க்கும் துக்கடா பேக்கேஜ். இதே ஆபீஸில், ஜன்னலோர சீட்டில் கிராம்பை மென்றுகொண்டு, முதல் ஸ்கேனில் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு முடித்தான். "கடுகு சைஸ்ல இருந்துட்டு என்னா ஆட்டம் ஆடுது பாரேன்," என்று நாளெல்லாம் சிரித்தான். பிறக்காத பிள்ளைக்குக் கடுகு என்றே பெயராகிவிட்டது. அந்த குஷியில் லைசென்ஸில் இரண்டு வரி சேர்த்தான். என் பெயர் இருக்கும்வரை நான் கொடுத்ததெல்லாம் உங்களுடையது. பெயரை எடுத்தால் எல்லாம் என்னிடம் திரும்பிவிடும்.

"சும்மா ஒரு கெத்துக்குடி," என்றான். மூன்றாம் மாதம் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். கடுகின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

எல்லாவற்றையும் கோத்து பில்ட் ஓடும்போதெல்லாம் பட்டியலில் அவன் பெயர் புதிதாக அச்சாகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் தினமும் வீட்டுக்குக் கிளம்புவாள். அவனை எழுதி வைக்க உலகத்தில் வேறு இடம் மிச்சமில்லை.

காலையில் மேனேஜர் போன் செய்திருந்தார்.

"வக்கீல் திருப்பி அனுப்பிட்டார்மா. அந்த ரெண்டு வரியோட எந்த கஸ்டமரும் வாங்க மாட்டாங்களாம். அந்த பேக்கேஜையே இன்னைக்கு எடுத்துடு. எனக்கும் மனசு கேக்கலதான்."

"அதுக்கு மாத்தா வேற ஒண்ணு எழுதி வெச்சிட்டேன் சார். எடுத்துடறேன்," என்றாள்.

வருடத்தைத் திருத்திச் சேமித்தாள். திறந்தாள். மறுபடியும் இந்த வருடம். யார் மாற்றியது என்று பார்த்தால், அவன் பெயர். இன்றைய தேதி. ஒரு நொடிக்கு முன்னால்.

கிராம்பு வாசனை வந்தது.

ஜன்னலோர சீட்டில் யாரும் இல்லை. ஒயர் சுற்றிய பழைய கீபோர்டுகளைத்தான் அங்கே குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து, தட், தட் என்று ஸ்பேஸ் பாரைக் கட்டை விரலால் இரட்டையாகத் தட்டும் சத்தம். அவன் ஒருத்தன்தான் அப்படித் தட்டுவான். அவளுக்குப் பயம் வரவில்லை, ஆசைதான் வந்தது. ஓடிப்போய் அந்தக் காலி நாற்காலியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"நீயா?"

தட், தட்.

"மன்னிச்சுக்கடா. நான் வேணும்னு செய்யல."

அவன் பேக்கேஜை நீக்கச் சொல்லும் கட்டளையைத் தட்டினாள். சத்தம் வேகமெடுத்தது. தட் தட். தட் தட். தட் தட் தட் தட். மேசை அதிர்ந்தது. குவியலிலிருந்து ஒரு கீபோர்டு சரிந்து, ஒயரில் தொங்கி ஆடியது. திரையில் கேள்வி நின்றது: இதை மட்டுமே சார்ந்திருக்கும் மற்றவையும் நீக்கப்படும், சரியா? கீழே பட்டியல். கண் நிறைய நீர். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. இந்தக் கேள்வியை ஆயிரம் முறை பார்த்த விரல். வரி விடாமல் படிப்பவள் படிக்கவில்லை.

சரி.

சத்தம் நின்றது. வாசனையும் போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

நீக்கப்பட்டவை: இரண்டு. முதலாவது அவனுடையது.

இரண்டாவது, கடுகு.

அப்படி ஒரு பேக்கேஜே அவர்களிடம் கிடையாது.

திரும்பக் கொண்டுவரச் சொன்னாள். எங்கும் இல்லை என்றது. மறுபடி. எங்கும் இல்லை. போனை எடுத்தாள். அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, பாப்பா என்ன பண்றா?"

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"எந்தப் பாப்பாடி?"

"விளையாடாதக்கா! போனை அவகிட்ட குடு."

"யார்கிட்ட? இங்க நான் மட்டுந்தானே இருக்கேன்." அக்காவின் குரல் இளகியது. "என்னடி ஆச்சு? ஏன் அழற?"

ஏசி முனகியது. குளிர் எலும்பு வரை ஏறியது. ஆனால் எதுவும் இழுக்கவில்லை.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் மற்றக் கையை ரவிக்கைக்குக் கீழே அடிவயிற்றுக்குக் கொண்டுபோனாள். இந்தப் பக்கம் தடவினாள். அந்தப் பக்கம் தடவினாள். வழவழவென்று இருந்தது. ஒரு கோடுகூட இல்லை.