கட்டங்களுக்கு நடுவே ஒரு பெயர்

செம்பட்டியில் இரண்டு கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்துவிட்டு ஆனந்தமேரி திண்டுக்கல் வந்து இறங்கியபோது மணி மூன்று. நவம்பர் மழை மூட்டத்தில் பகலே மங்கிக் கிடந்தது. வீட்டுக்குப் போய் முதுகைச் சாய்த்தால் போதும் என்றிருந்தது. ஆனால் அச்சகம் வைத்திருக்கும் சோலைமுத்து காலையிலேயே வீட்டுக்குப் போன் செய்து கெஞ்சியிருந்தார். போகாமல் இருக்க முடியாது.

அச்சகம் ஒரு பழைய ஓட்டு வீடு. அச்சு இயந்திரம் முன்னறையில். கம்ப்யூட்டர் ஜன்னலே இல்லாத உள்ளறையில். ஈரச் சுவரும் மசியும் கலந்த வாடை மூக்கை அடைத்தது.

“வாம்மா மேரி. இந்த ஃபான்ட்டு காலையில இருந்து என் உசுர வாங்குது,” என்றார் சோலைமுத்து. “புதுசா நாப்பது ஏத்துனேன். எதை அடிச்சாலும் கட்டங்கட்டமா வருது. நாளைக்குக் கல்லறைத் திருநாள். பூசையில வாசிக்கிற இறந்தவுக பேரெல்லாம் அஞ்சு மணிக்குள்ள கோயிலுக்கு அடிச்சுக் குடுக்கணும்.”

திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள். வரிசை வரிசையாய்க் குழி வெட்டி வைத்தது போலிருந்தது.

“செத்த நேரம் குடுங்கண்ணே.”

புது எழுத்துருக்களை எல்லாம் நீக்கினாள். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினாள். ஒன்றை மட்டும் ஏற்றிப் பார்த்தாள். கட்டம். வேறொன்றை ஏற்றினாள். அதுவும் கட்டம். கண் எரிந்தது. சோலைமுத்து டீ வாங்கி வரக் கிளம்பிப் போனார்.

மூன்றாம் முறை அணைத்து எழுப்பியபோது, கட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு வரி மட்டும் தெளிவாக வந்தது.

தமிழ்நிலா.

ஆனந்தமேரி அதை இன்னொரு முறை வாசித்தாள்.

ஆறு வருடத்துக்கு முன் அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒரு மணி நேரம்தான் மூச்சு விட்டது. ஞானஸ்நானம் கொடுக்கக்கூட நேரமில்லை. “பேரா வச்சோம்? மறந்துரு தாயி,” என்றாள் மாமியார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஆனந்தமேரி மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். அதைக் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. எங்கும் எழுதியதும் இல்லை.

அந்த வரியை அழித்தாள்.

திரும்ப வந்தது.

மறுபடி அழித்தாள். அயர்ந்துபோய்க் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

டக்.

விசைப்பலகையில் ஒரு விசை அமுங்கி எழுந்தது. எழுத்துப் பழகும் பிள்ளை ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்துவது போல, மெதுவாக.

டக். டக்.

பெயர் மீண்டும் வந்தது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு சொற்கள் முளைத்தன.

வயது ஆறு.

அவள் அசையவில்லை. எழுந்து ஓடத்தான் வேண்டும். ஆனால் ஓடுகிற தெம்பு அவளிடம் இல்லை. அதுமட்டுமில்லை, ஓடினால் அந்த விரல் நின்றுவிடுமே என்றும் இருந்தது.

டீயோடு வந்த சோலைமுத்து திரையைக் குனிந்து பார்த்தார். “யாரும்மா இது? லிஸ்ட்டுல இந்தப் பேரு இல்லையே. வயசெல்லாம் நான் போடவே இல்லையே. அழிச்சு விடு.”

“அழிய மாட்டேங்குதுண்ணே.”

அப்போதுதான் அவர் அவள் முகத்தைக் கவனித்தார். டீக் கிளாஸை மேசையில் வைத்தார்.

“யாரு புள்ள?” என்றார் தாழ்ந்த குரலில்.

“என் புள்ள.”

வெளியே ஓட்டில் மழை விழுந்தது. சோலைமுத்து, கோயிலில் இருந்து கையால் எழுதி அனுப்பியிருந்த பெயர்ப் பட்டியலையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

“எழுதும்மா.”

தாளின் அடியில் இருநூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டு, அந்தப் பெயரை முதன்முதலாகத் தன் கையால் எழுதினாள். கடைசித் துணைக்காலை இழுத்து முடித்ததும் திரையில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமும் எழுத்தாகத் திறந்துகொண்டே வந்தது. அத்தனை பெயர்களும் வந்துவிட்டன. கடைசி வரியில் தமிழ்நிலா இருந்தாள்.

நாலரைக்கு அச்சு முடிந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து அச்சடித்த தாள்களை வாங்கிப் போனார். ஆனந்தமேரி குடையை விரித்து நடந்தாள். நாளைக்குப் பூசையில் அந்தப் பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள். அத்தோடு எல்லாம் அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கண்ணை மூடப் போனவளுக்கு நெஞ்சு கனத்து வலித்தது. ரவிக்கை ஈரமாக இருந்தது. குடை பிடித்துத்தான் வந்தாள். சேலையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

முந்தானைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை முகர்ந்தாள்.

பால்.