மெதுவா சாமி, மெதுவா!

நீமாவுக்கு ஓட வராது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

அவள் கென்யா நாட்டுப் பெண். ரிக் வண்டிகளைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள அவள் அப்பா ஜோசப் திருச்செங்கோட்டுக்கு வந்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகளைத்தான் ரிக் என்பார்கள். அவரோடு அம்மா ரோஸும் நீமாவும் வந்து, நாச்சிமுத்து வீட்டு மாடியில் குடியேறினார்கள்.

நாச்சிமுத்துவின் மகள் நர்மதாதான் நீமாவுக்குத் தமிழ் டீச்சர். "யாருகிட்டப் பேசினாலும் கடைசியில ஒரு 'ங்க' போட்டுரு. ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க." இதுதான் முதல் பாடம். நீமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட, "கொஞ்சம் தள்ளுங்க" என்றுதான் சொல்வாள்.

வந்த புதிதில் நர்மதாவைத் தவிர அவளோடு விளையாட ஆளில்லை. ஒருநாள் கென்யாக்காரர்கள் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததை டிவியில் பார்த்தான் அடுத்த வீட்டுக் குமரன். அன்று சாயங்காலமே தெருப் பிள்ளைகள் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார்கள்.

"நீமா, வாரியா?"

அந்தக் குரல் அதற்கப்புறம் தினமும் வந்தது. தெருவில் எப்போதும் லாரி போய்வரும், ஓடியாட வழியில்லை. வாசலில் கேரம், தாயம், பாண்டி என்று பொழுது போகும். அதனால் நீமாவின் ஓட்டம் யார் கண்ணிலும் படவில்லை.

பொங்கல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருவோடு விளையாட்டுப் போட்டி.

"எங்க தெருவுல கென்யாக்காரியே இருக்கறா! நீங்கெல்லாம் அவ கெளப்பற புழுதியைத்தான் பாக்கோணும்!" என்று குமரன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

நீமா மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஓட வராது என்று சொல்லிவிடலாம். சொன்ன பிறகு, நாளைக்கு யாராவது கீழே வந்து கூப்பிடுவார்களா?

சனிக்கிழமை காணும் பொங்கல். இரண்டு குடும்பமும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பரமத்தி வேலூர் காவிரிக்குக் கிளம்பியது. அவர்கள் பஸ் ஸ்டாண்டில் நுழையும்போதே பஸ் நகர ஆரம்பித்தது.

"ஓடுங்க, ஓடுங்க! பஸ்ஸ எடுத்துட்டான்!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

எல்லோரும் ஓடினார்கள். நர்மதாவின் அம்மா ரஞ்சிதா சோற்றுத் தூக்கோடு ஓடினாள். ரோஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். எல்லோருக்கும் கடைசியில் மூச்சு வாங்க வாங்க நீமா வந்தாள்.

கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். "மெதுவா வா சாமி, வண்டி நிக்குது."

"நன்றிங்க" என்றாள் நீமா. பஸ்ஸின் கதவையும் தட்டிக் கொடுத்து, "உங்களுக்கும் நன்றிங்க" என்றாள்.

"என்னடி, நாளைக்கு ஓடறதுக்கு இன்னிக்கே காலைச் சேத்து வெச்சுக்கறியா?" என்று நர்மதா காதைக் கடித்தாள்.

நீமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆற்றங்கரையில் புளிசோறும் அவித்த முட்டையும் தீர்ந்தன. பிள்ளைகள் இருவரும் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தார்கள்.

"நர்மதாங்க, எனக்கு ஓட வராதுங்க."

"சும்மா சொல்லாத."

"நெசமாங்க. எங்க ஊருப் பள்ளிக்கூடத்துலயும் நான்தானுங்க கடைசி. அங்க எல்லாருமே ஓட்டக்காரங்க இல்லீங்க. எங்கப்பாவப் பாருங்க!"

ஜோசப் மரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நர்மதா திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆமால்ல! திருச்செங்கோட்டுக்காரின்னு என்னை ரிக் ஓட்டச் சொன்னா, எனக்குச் சாவி எங்க போடறதுன்னே தெரியாது!"

நீமாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கண்ணும் கலங்கியது. "இனிமே என்னக் கூப்பிட வர மாட்டீங்களா?"

"அட பைத்தியமே! ஓடறதுக்கா உன்னக் கூப்பிட்டோம்? சும்மா கூப்பிடறதுடி!" என்று நர்மதா அவள் மேல் தண்ணீரை இறைத்தாள். "ஆனா குமரங்கிட்ட யாரு சொல்றது? போன வருசம் முட்டைக் கரண்டிப் போட்டியில தோத்ததுக்கே அப்படிக் குதிச்சான். நம்ம ஆளுங்க எல்லாரும் வேகமா ஓடிப்போய்த் தரையெல்லாம் ஆம்லெட்டு!"

நீமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நானே சொல்றேனுங்க" என்றாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் குமரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு! ஊரெல்லாம் சொல்லிட்டேனே! கீழத்தெருக்காரனுங்க என்னை வெச்சு செய்வானுங்களே!"

"நீங்க நல்லா ஓடுவீங்க. அதனால நீங்க ஓடுங்க" என்றாள் நீமா. "எனக்கு முட்டையைக் குடுங்க. அதுக்கு மெதுவாப் போற ஆளுதானுங்களே வேணும்? என்னைவிட மெதுவா யாருங்க போவா?"

குமரன் தலையிலிருந்து கையை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த ஓட்டத்தில் குமரன் இரண்டாவதாக வந்தான். கீழத்தெருக்காரர்கள் விசிலடித்தார்கள். அடுத்தது முட்டைக் கரண்டி. கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு, முட்டை விழாமல் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும்.

விசில் ஊதியதும் எல்லோரும் பாய்ந்தார்கள். சொத்! சொத்! கூடவே வந்திருந்த வாசல் நாய்க்கு அன்று விருந்து. நீமா மட்டும் அடிமேல் அடி வைத்து நடந்தாள். அவளுக்கு முன்னால் கீழத்தெருப் பையன் ஒருவன் கோட்டை நெருங்கிவிட்டான். ஆசையில் ஒரு எட்டு வேகமாக வைத்தான். சொத்!

"மெதுவா சாமி, மெதுவா!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

"போலே போலே!" என்று கத்தினார் ஜோசப். அவர்கள் பேச்சில் அதற்கும் 'மெதுவாக' என்றுதான் அர்த்தம். நர்மதா சொல்லித் தெரிந்துகொண்டு தெருவே கத்தியது.

"போலே போலே! போலே போலே!"

எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் குமரன். "இன்னும் மெதுவா, நீமா!"

நீமா கோட்டைத் தொட்டாள். முட்டையைக் கையில் எடுத்து அதற்கொரு முத்தம் கொடுத்தாள். "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடம் அவள் இடுப்புக்குப் பெரிதாக இருந்தது. நர்மதா ஒரு பக்கமும் குமரன் ஒரு பக்கமும் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள்.

மறுநாள் சாயங்காலம் நீமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கீழே காலடிச் சத்தம் கேட்டது.

"நீமா, வாரியா?"

"வாரேனுங்க!"

அவள் ஒவ்வொரு படியாக, மெதுவாகத்தான் இறங்கினாள். கீழே எல்லோரும் காத்திருந்தார்கள்.