நீலக் கோடு போட்ட ஏணி

ஆரஞ்சுப் பறிப்பு தொடங்கிய நான்காம் நாள் காலையில், தோட்ட முதலாளி மாட்டுவண்டியை விட்டு இறங்கியும் இறங்காமலும் பேசத் தொடங்கினார்.

"ஏட்டையா, யாரோ ஏணிப்படியை அறுத்து வெச்சிருக்காங்க. என்கிட்ட இருக்கிறதுலயே நல்லாப் பறிக்கிறவ, நேத்து விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு கெடக்குறா!"

ஓய்வு பெற்ற ஏட்டு நிதானமாகச் சட்டையை மாட்டினார். அவர் மைத்துனரான கம்பவுண்டரோ, கூப்பிடுமுன்பே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

விழுந்தவளுக்கென்றே நீலக் கோடு போட்ட ஏணி மரத்தடியில் கிடந்தது. மொத்தம் பத்துப் படிகள். கீழிருந்து எட்டாவது முறிந்திருந்தது. அதில் பாதி வரை ரம்பம் ஓடிய தடம். ஏணியின் இரண்டு முனைகளும் ஒன்றுபோலவே இருந்தன.

"வேலை முடிஞ்சா இதை எங்க வைப்பீங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டார் ஏட்டு.

"கொட்டகையில தலைகீழா நிறுத்துவோங்க. அடிக்கால் ஈரம் காயணுமில்ல?"

கம்பவுண்டர் ஏட்டின் காதைக் கடித்தார். "அத்தான், தினமும் அந்தம்மாவுக்கு ஏணி பிடிக்கிறது இந்த ஆள்தான். நேத்து மட்டும் கூடை வாங்கப் போயிட்டாராம். இவரேதான்!"

"பொறு மச்சான்."

தரம் பிரிக்கும் கூடத்தில் மேஸ்திரியின் மனைவி பழம் துடைத்துக்கொண்டிருந்தாள். விழுந்தவளுக்கு உடன்பிறந்த தங்கை.

"அக்காவைப் போய்ப் பார்த்தியாம்மா?"

"ஊரே பார்க்குது, நான் வேறயா? நான் மரத்துப் பக்கம்கூடப் போகலை. மூணாவது படியிலேருந்து விழுந்தா தொடை முறியுமா? இடுப்பு உயரம்கூட இல்ல. எல்லாம் நடிப்பு! அதுக்கு எங்க வீட்டுக்காரர் நேத்துலேருந்து சாப்பிடலை."

ஏட்டு எல்லாரையும் கூடத்துக்கு வரவழைத்தார்.

"விழுந்ததைப் பார்த்தவங்க எல்லாரும் உச்சிக்கிட்டேயிருந்துன்னு சொல்றாங்க. இந்தப் பொண்ணு மட்டும் மூணாவதுங்குது. அந்தப் படி எப்போ மூணாவதா இருக்கும்?"

"கொட்டகையில!" கம்பவுண்டர் துள்ளினார். "தலைகீழா நிக்கும்போது!"

"ஏணி ஏறுறவங்களுக்கு அது தலைகீழா நிக்கிறது தெரியும். கூடத்தை விட்டு வராதவளுக்குத் தெரியாது. அறுத்தவ அங்கே எண்ணினதை இங்கே சொல்லிட்டா."

அவள் கையிலிருந்த துணியைப் பிசைந்தாள்.

"ஆமா, நான்தான். முட்டி சிராய்க்கும், நாலு பேர் சிரிப்பாங்கன்னு நெனச்சேன். எனக்கு ஒருநாள் ஒரு கூடையைத் தூக்கி விட்டிருப்பாரா இந்த மனுஷன்? அவ ஏணின்னா மட்டும் காவல் நிப்பாரு!"

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். "உங்கக்காவுக்கு இடது கண்ணு போய் நாலு மாசமாச்சுடி. தெரிஞ்சா ஏணியில ஏத்தமாட்டாங்கன்னு பயந்தாங்க. உனக்குத் தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவியாம், அதான் உன்கிட்டயும் சொல்லவிடலை."

முதலாளி ஏட்டின் முகத்தைப் பார்த்தார். "புகார் கொடுக்கிறதா வேண்டாமான்னு விழுந்தவதான் சொல்லணும்," என்றார் ஏட்டு.

தங்கை போய், அக்கா படுத்திருந்த கட்டிலின் இடப்பக்கம் நின்றாள். அக்கா திரும்பவே இல்லை. முகம் கொடுக்க மனமில்லை போலும் என்று நினைத்தாள். பிறகு உறைத்தது. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான்க்கா அறுத்தேன்," என்றாள்.